ஒத்த பொருளுடைய ஆங்கிலச் சொற்களில் நேரும் தடுமாற்றம்: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

ஆங்கிலத்தில் எழுதும் தமிழருக்கு நேரும் சொற்பிழைகளில் பெரும்பகுதி, சொல்லின் பொருள் தெரியாததால் வருவதில்லை. பொருள் தெரிந்திருக்கிறது, ஆனால் அதன் அருகிலேயே நிற்கும் வேறொரு சொல் அங்கே வந்திருக்க வேண்டும். படிப்பவருக்கு ஏதோ உறுத்துகிறது, எழுதியவருக்கோ எங்கே தவறு என்று புலப்படுவதில்லை. அகராதியைத் திறந்தால் இரு சொற்களுக்கும் ஒரே தமிழ்ப்பொருள் தரப்பட்டிருக்கிறது. அத்தகைய இடங்களுக்காகவே இவ்வழிமுறையை எழுதுகிறேன்.

இரு சொற்களின் வரையறைகளையும் அருகருகே எழுதி மனப்பாடம் செய்வதே பலரும் கையாளும் முறை. அது பெரும்பாலும் பயன் தருவதில்லை என்பது என் உறுதியான கருத்து. ஏனெனில் சொற்கள் வேறுபடும் இடம் பொருளாக மட்டும் இருப்பதில்லை. எந்தச் சொல்லோடு சேர்கிறது, எதைச் செயப்படுபொருளாக ஏற்கிறது, பேசுபவரின் மதிப்பீட்டை எப்படிக் காட்டுகிறது, யார் யாரிடம் பேசும்போது பொருந்துகிறது என்பவற்றில் ஏதேனும் ஒன்றில் அவை பிரிகின்றன. எந்த இடத்தில் பிரிகின்றன என்று தெரிந்தால்தான் எந்தச் சோதனையைச் செய்வது என்பது தெரியும். ஆகவே கீழே உள்ளவற்றில் உங்கள் வாக்கியத்தில் தென்படும் அறிகுறியை முதலில் கண்டுபிடியுங்கள்.

அறிகுறி: ஒரு தமிழ்ச் சொல்லுக்கு எதிரே இரண்டு மூன்று ஆங்கிலச் சொற்கள் நிற்கின்றன

'பார்' என்ற வினைக்கு ஆங்கிலத்தில் 'சீ', 'லுக்', 'வாட்ச்' ஆகிய மூன்றும் உள்ளன. 'கேள்' என்பதற்கு 'ஹியர்', 'லிசன்' ஆகியவற்றோடு 'ஆஸ்க்' என்பதும் சேர்ந்துகொள்கிறது. 'நம்பு' என்பதற்கு 'பிலீவ்', 'டிரஸ்ட்', 'ஹோப்' என மூன்று. தமிழ்ச் சொல் இந்த வேறுபாட்டைத் தன் விரிவுக்குள் அடக்கிக்கொண்டிருப்பதால், நாம் அதைக் கவனிக்கத் தேவையின்றியே பேசிப் பழகியிருக்கிறோம்.

இதற்கு உகந்த சோதனை, ஐயத்துக்குரிய இரு சொற்களையும் 'ஆனால்' என்ற இணைப்பால் ஒரே வாக்கியத்தில் எதிரெதிரே நிறுத்திப் பார்ப்பதாகும். 'ஐ லுக்ட், பட் ஐ சா நத்திங்' என்பது இயல்பான ஆங்கிலம்: கண்ணைச் செலுத்தினேன், எதுவும் தென்படவில்லை. ஒன்று நடந்தும் மற்றொன்று நடக்காமல் போக இடமிருப்பதால் அவை இரு வேறு நிகழ்வுகள் என்பது உறுதியாகிறது. 'லுக்' என்பது நாம் செய்வது, 'சீ' என்பது நமக்கு நிகழ்வது. 'வாட்ச்' என்பதில் காலமும் சேர்கிறது. மாறிக்கொண்டே இருப்பதை, அல்லது மாறக்கூடும் என்று நாம் எதிர்பார்ப்பதைத் தொடர்ந்து பார்ப்பதே அது. ஒரு சுவரைச் சும்மா பார்ப்பதற்கு 'லுக்' போதும். அதே சுவருக்கு 'வாட்ச்' என்று எழுதினால், அது இடிந்து விழுமோ, அதன்மேல் எவரேனும் ஏறி வருவரோ என்று நீங்கள் காத்திருப்பதாகப் பொருள் ஆகிவிடும்.

'ஹியர்', 'லிசன்' இரண்டையும் இதே சோதனை பிரித்துவிடும். இணையவழிக் கூட்டங்களில் 'கேன் யூ லிசன் மீ?' என்ற கேள்வி நம்மவர்களிடமிருந்து அடிக்கடி எழுகிறது. கேட்பவரின் நோக்கம் தம் குரல் எட்டுகிறதா என்று அறிவது; குரல் எட்டுவது காதுக்கு நிகழ்வது; எனவே அங்கே வர வேண்டியது 'ஹியர்'. செவிகொடுத்துக் கேட்பதே 'லிசன்'. அதன் பின்னால் 'டு' என்ற முன்னிடைச்சொல்லும் வந்தாக வேண்டும்.

'நம்பு' என்பதில் சிக்கல் இன்னும் நுட்பமானது. 'ஐ பிலீவ் ஹிம், பட் ஐ டோன்ட் டிரஸ்ட் ஹிம்' என்று ஒருவர் சொன்னால், இப்போது அவர் கூறுவது உண்மை என்று ஏற்கிறேன், ஆயினும் அவரிடம் என் பணத்தை ஒப்படைக்க மாட்டேன் என்பது கருத்து. முன்னது ஒரு கூற்றைப் பற்றியது, பின்னது ஒரு மனிதரின் நம்பகத்தன்மையைப் பற்றியது. 'ஹோப்' என்பதோ விருப்பம்: அவர் வர வேண்டும் என்று விரும்பிக்கொண்டே, அவர் வருவார் என்று எண்ணாமலும் இருக்கலாம். 'நீங்கள் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன்' என்று தமிழில் கடிதம் தொடங்கும் பழக்கத்தில் ஆங்கிலத்திலும் 'பிலீவ்' என்று எழுதினால், சான்றுகளைச் சீர்தூக்கி அவருடைய நலத்தைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்துவிட்டதுபோல் அது ஒலிக்கும். வாழ்த்து அதில் இராது.

பெயர்ச்சொற்களில் இந்தச் சோதனை அவ்வளவாக உதவாது. 'நிழல்' என்பதற்குரிய 'ஷேட்', 'ஷேடோ' இரண்டையும் எண்ணிப் பார்த்துப் பிரிக்கலாம். வெயிலுக்கு ஒதுங்கும் இடம் 'ஷேட்'. அப்பொருளில் அதை ஒன்று, இரண்டு என எண்ண இயலாது. ஒளியை மறைக்கும் பொருளின் உருவம் தரையில் விழுந்தால் 'ஷேடோ'. அதற்கு எல்லைக்கோடு உண்டு, எண்ணிக்கையும் உண்டு. நாம் இளைப்பாறுவது முன்னதில். சிறு பிள்ளை துரத்திச் சென்று மிதிக்க முயல்வது பின்னதை.

அறிகுறி: நீங்கள் கேட்டது ஒன்று, வந்த மறுமொழி வேறு

அலுவலக மின்னஞ்சலில் 'ஐ ஹேவ் எ டவுட் அபௌட் யுவர் ரிப்போர்ட்' என்று எழுதுகிறீர்கள். அறிக்கையில் ஒரு விவரம் விளங்கவில்லை, அதைக் கேட்க வேண்டும் என்பது உங்கள் எண்ணம். இங்கிலாந்திலோ அமெரிக்காவிலோ இருக்கும் சக ஊழியர், தம் அறிக்கை சரியானதுதானா என்று நீங்கள் ஐயுறுவதாக எண்ணித் தற்காப்போடு பதில் எழுதுகிறார். வகுப்பறையில் 'டவுட்' கேட்டே வளர்ந்த நமக்கு இது வியப்பாக இருக்கும். இந்தியாவில் அச்சொல் 'விளக்கம் வேண்டும் கேள்வி' என்ற பொருளில் நிலைபெற்றுவிட்டது. பிற இடங்களில் அதன் முதன்மைப் பொருள் நம்பிக்கைக் குறைவே. அங்கே எழுதும்போது 'கொஸ்டின்' என்று மாற்றினால் மனத்தாங்கல் நீங்கிவிடும்.

இதே சொல்லில் இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. 'அவர் பணத்தை எடுத்திருப்பாரோ என்று சந்தேகிக்கிறேன்' என்ற வாக்கியத்தை ஆங்கிலத்தில் 'டவுட்' என்ற வினையால் எழுதினால் பொருள் நேர் எதிராகத் திரும்பிவிடுகிறது. 'ஐ டவுட் தட் ஹி டுக் த மனி' என்றால், அவர் எடுத்திருக்க மாட்டார் என்பதே என் எண்ணம் என்று ஆகும். எடுத்திருப்பார் என்று தோன்றுவதைச் சொல்ல வேண்டுமானால் 'சஸ்பெக்ட்' என்ற வினைதான் வர வேண்டும். தமிழில் 'சந்தேகம்' மூன்று திசைகளிலும் செல்கிறது: எதுவும் தெரியாத நிலை, இல்லை என்று சாயும் நிலை, ஆம் என்று சாயும் நிலை. ஆங்கிலம் இவற்றை 'கொஸ்டின்', 'டவுட்', 'சஸ்பெக்ட்' என்று பங்கிட்டுக்கொண்டிருக்கிறது. எனவே எழுதும் முன், 'அப்படி இருக்காது' என்று உங்கள் மனம் சொல்கிறதா, 'அப்படித்தான் இருக்கும்' என்று சொல்கிறதா என்று பாருங்கள். முன்னதானால் 'டவுட்', பின்னதானால் 'சஸ்பெக்ட்'. விசாரணை அறிக்கையிலோ புகார் மனுவிலோ இந்த ஒரு சொல் மாறினால், குற்றம் சாட்டப்பட்டவர் குற்றமற்றவர் ஆகிவிடுவார். ஆகவே இதை நான் மற்ற எல்லா இணைகளைவிடவும் முதலில் கற்பிக்கத் தக்கதாகக் கருதுகிறேன்.

'ரிவர்ட்' என்பதும் இவ்வகையே: நம் அலுவலகங்களில் 'பதில் எழுது' என்று பொருள், பிற இடங்களில் 'பழைய நிலைக்குத் திரும்பு'. கல்லூரிப் படிப்பை முடித்ததற்கு நாம் சொல்லும் 'பாஸ் அவுட்', பிரிட்டனில் படைப்பயிற்சியை முடிப்பதற்கு மட்டும் அப்பொருளில் வழங்குகிறது. மற்றபடி மயங்கி விழுவதையே குறிக்கும். இவற்றை இந்திய ஆங்கிலத்தின் குறைகள் என்று நான் கருதவில்லை. நம் நாட்டுக்குள் அவை பிசிறின்றிப் பயன்படுகின்றன. எல்லையைக் கடக்கும் கடிதத்தில்தான் மாற்ற வேண்டியிருக்கிறது.

அறிகுறி: பொருள் சரி, ஆனால் திருத்துபவர் வாக்கியத்தையே உடைத்து எழுதித் தருகிறார்

இங்கே வேறுபாடு, வினை எதைச் செயப்படுபொருளாக ஏற்கிறது என்பதில் இருக்கிறது. 'டெல்' என்பதற்கு அடுத்துக் கேட்பவர் வர வேண்டும். 'சே' என்பதற்கு அடுத்துச் சொல்லப்பட்ட செய்தி வர வேண்டும். 'சஜெஸ்ட்', 'எக்ஸ்ப்ளெயின்' ஆகியவற்றுக்குப் பின் 'மீ' என்று நேரடியாக எழுத இயலாது. 'அட்வைஸ்' என்பதற்குப் பின் எழுதலாம். 'டிஸ்கஸ்' என்பதற்குப் பின் 'அபௌட்' வேண்டியதில்லை. 'டாக்' என்பதற்கு வேண்டும். இவற்றைத் தனிச்சொல்லாகக் கற்காமல், தொடர்ந்து வரும் சொல்லோடு சேர்த்தே குறித்து வையுங்கள்.

'ஸ்டீல்', 'ராப்' என்ற இணை சற்று நின்று பார்க்கத் தக்கது. 'ஸ்டீல்' என்பதன் செயப்படுபொருள் களவுபோன பொருள். 'ராப்' என்பதன் செயப்படுபொருள் அதை இழந்த மனிதர் அல்லது இடம். பணத்தை 'ஸ்டீல்' செய்வர், வங்கியை 'ராப்' செய்வர். மாற்றி எழுதினால் வங்கிக் கட்டடத்தையே தூக்கிச் சென்றதாகிவிடும். இதற்குள் சட்ட வேறுபாடும் அடங்கியிருக்கிறது. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் 378ஆம் பிரிவில் 'தெஃப்ட்' என்பதையும், 390ஆம் பிரிவில் 'ராபரி' என்பதையும், 391ஆம் பிரிவில் 'டெகாய்ட்டி' என்பதையும் தனித்தனியே வரையறுத்தது. வன்முறையோ உடனடி அச்சுறுத்தலோ சேர்ந்தால்தான் திருட்டு 'ராபரி' ஆகிறது. ஐந்து பேரோ அதற்கு மேற்பட்டோரோ கூடிச் செய்தால் 'டெகாய்ட்டி'. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவும் இந்தப் பிரிவினையைக் கைவிடவில்லை.

தமிழ் நாளிதழ்களில் 'பூட்டிய வீட்டின் பூட்டை உடைத்து 20 பவுன் நகை கொள்ளை' என்ற பாணியில் தலைப்புகள் வருகின்றன. வீட்டில் ஒருவரும் இல்லை; எவரும் அச்சுறுத்தப்படவில்லை. இதை 'ராபரி' என்று மொழிபெயர்த்தால் நடக்காத வன்முறை ஒன்று செய்திக்குள் நுழைந்துவிடும். அத்துமீறி உள்ளே புகுந்து திருடுவதற்குப் பொது ஆங்கிலத்தில் 'பர்க்லரி' என்ற சொல் இருக்கிறது. செய்தி மொழிபெயர்ப்பாளர்கள், 'சம்பவ இடத்தில் பொருளுக்கு உரியவர் இருந்தாரா, மிரட்டப்பட்டாரா' என்ற கேள்விக்கு விடை கண்ட பிறகே சொல்லைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அறிகுறி: இலக்கணம் சரி, பொருளும் சரி, எனினும் 'அப்படிச் சொல்ல மாட்டார்கள்' என்கிறார்கள்

காரணம் சொற்சேர்க்கை. தமிழில் 'பலத்த' என்ற அடைமொழி எத்தனை இடங்களில் வருகிறது என்று பாருங்கள்: பலத்த காற்று, பலத்த மழை, பலத்த காயம், பலத்த பாதுகாப்பு, பலத்த எதிர்ப்பு, பலத்த கைதட்டல். ஆங்கிலத்தில் காற்றுக்கும் எதிர்ப்புக்கும் 'ஸ்ட்ராங்', மழைக்கு 'ஹெவி', காயத்துக்கு 'சீரியஸ்', பாதுகாப்புக்கு 'டைட்', கைதட்டலுக்கு 'லௌட்'. 'ஸ்ட்ராங் ரெயின்' என்று எழுதினால் பொருள் விளங்காமல் போகாது. ஆனால் அம்மொழியில் வாழ்பவர் அப்படி எழுதுவது அரிது. மழைக்கு ஏன் 'ஹெவி' என்று காரணம் தேடுவதில் காலத்தைச் செலவிட வேண்டாம்; அது வழக்கு.

உயரத்தைக் குறிக்கும் 'டால்', 'ஹை' இணையில் ஓரளவு காரணம் தெரிகிறது. அகலத்தைவிட உயரம் மிகுந்து நெடிதாக நிற்கும் ஆள், மரம், கட்டடம் ஆகியவை 'டால்'. மலை, மதில், விலை ஆகியவை 'ஹை'. ஆயினும் விதியைக் காட்டிலும் சான்று நம்பகமானது. ஒரு சொல்லை அதன் கூட்டாளிகளைக் கொண்டே அறிய வேண்டும் என்ற கருத்தை மொழியியலர் ஜே. ஆர். ஃபர்த் 1957இல் முன்வைத்தார். அதைச் சரிபார்க்கும் வசதி இன்று எல்லோருக்கும் இருக்கிறது. மக்கள் உண்மையில் எழுதியவற்றையும் பேசியவற்றையும் திரட்டிய 10 கோடிச் சொற்கள் கொண்ட பிரிட்டிஷ் ஆங்கிலத் தொகுப்பான பிரிட்டிஷ் நேஷனல் கார்ப்பஸ், 100 கோடிக்கும் மேற்பட்ட சொற்கள் கொண்ட அமெரிக்க ஆங்கிலத் தொகுப்பான கோகா ஆகியவற்றில் இரு சொற்களையும் தனித்தனியே தேடி, வலப்பக்கம் வரும் சொற்களை மட்டும் ஒப்பிடுங்கள். ஒரு சொல்லுக்கு இருபது எடுத்துக்காட்டுகளைப் படித்தாலே அகராதியின் வரையறை சொல்லாமல் விட்டது தெரிந்துவிடும்.

அப்படித் தேடும்போது சில சொற்களின் மறைவான சாயலும் வெளிப்படும். 'காஸ்' என்ற வினைக்கு அகராதி 'விளைவி' என்று மட்டும் சொல்லும். ஆனால் தொகுப்புகளில் அதன் பின்னால் வருபவை சிக்கல், சேதம், வலி, மரணம், தாமதம் என்று பெரும்பாலும் தீயவை. 'இத்திட்டம் முன்னேற்றத்தை விளைவித்தது' என்பதற்கு 'காஸ்' என்று எழுதினால், முன்னேற்றமே ஒரு தொல்லைபோல் தொனிக்கும். 'பிராட் அபௌட்' அல்லது 'லெட் டு' பொருத்தமாக இருக்கும். இது நமக்குப் புதிதன்று. 'விபத்து நேர்ந்தது' என்று சொல்லும் நாம் 'திருமணம் நேர்ந்தது' என்று சொல்வதில்லை. 'நேர்' என்ற சொல்லுக்குள் இருக்கும் அந்த எச்சரிக்கையை எவரும் நமக்குக் கற்பிக்கவில்லை, கேட்டுக் கேட்டு வந்தது.

அறிகுறி: பாராட்டியது இகழ்ச்சியாகிவிட்டது

'ஸ்லிம்', 'ஸ்கின்னி' இரண்டும் ஒல்லியானவரைக் குறிக்கும்; முன்னது பாராட்டு, பின்னது பெரும்பாலும் குறை. 'ஃபேமஸ்' புகழ், 'நொட்டோரியஸ்' தீச்செயலால் வந்த பெயர். 'சைல்ட்லைக்' களங்கமின்மை, 'சைல்டிஷ்' முதிர்ச்சியின்மை. தத்துவஞானி பெர்ட்ரண்டு ரஸல் 1948இல் பிபிசி வானொலியில் இதை ஒரு வினைத்திரிபுபோல் காட்டினார்: நான் என்றால் 'உறுதியானவன்', நீ என்றால் 'பிடிவாதக்காரன்', அவன் என்றால் ஒரு வசைச்சொல். நடத்தை ஒன்றுதான், மதிப்பீடு மாறுகிறது. இதற்கான சோதனை எளிது: அந்த அடைமொழியை அவரிடமே நேரில் சொல்ல முடியுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். தயங்கினால் வேறு சொல்லைத் தேடுங்கள்.

அறிகுறி: எளிய கடிதம் அரசாணைபோல் ஒலிக்கிறது

1066இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பிறகு அந்நாட்டின் ஆட்சியிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு நுழைந்தது. கல்வியிலும் சமயத்திலும் லத்தீன் நிலைத்திருந்தது. இதனால் ஒரே கருத்துக்கு மூன்று அடுக்குச் சொற்கள் ஆங்கிலத்தில் சேர்ந்தன. 'ஆஸ்க்' பழைய ஆங்கிலம், 'கொஸ்டின்' பிரெஞ்சு வழி வந்தது, 'இன்டராகேட்' லத்தீனிலிருந்து. நண்பர் கேட்பது முதலாவது, வழக்கறிஞர் வினவுவது இரண்டாவது, காவல்துறை துருவி விசாரிப்பது மூன்றாவது. 'பய்' என்று எழுத வேண்டிய இடத்தில் 'பர்ச்சேஸ்', 'ஸ்டார்ட்' இருக்க வேண்டிய இடத்தில் 'கமென்ஸ்' என்று எழுதுவதை மதிப்பு மிக்கதாகக் கருதும் பழக்கம் நம் பள்ளிகளில் ஊன்றிவிட்டது வருந்தத்தக்கது.

யார் யாரிடம் பேசுகிறார் என்பதைக் கொண்டு சொல்லைப் பிரிக்கும் நுட்பத்தைத் தொல்காப்பியமே பதிவு செய்திருக்கிறது. 'ஈ', 'தா', 'கொடு' மூன்றும் இரந்து கேட்கும் சொற்கள். தாழ்ந்தோன் உயர்ந்தோனிடம் 'ஈ' என்றும், ஒத்தவன் 'தா' என்றும், உயர்ந்தோன் 'கொடு' என்றும் கேட்பான் என்கிறது சொல்லதிகாரம். அந்த விழிப்போடு ஆங்கில அடுக்குகளை அணுகினால் பாதிப் பிழைகள் விலகும். 1852இல் வெளியான ரோஜேயின் சொற்களஞ்சியம் முதலானவை நம் நிகண்டுகளைப்போல் சொற்களைத் தொகுத்துத் தருபவை. வேறுபாட்டை விளக்குபவை அல்ல. ஏற்கெனவே அறிந்த சொல்லை நினைவூட்டிக்கொள்ள அவற்றைத் திறக்கலாம். அறியாத சொல்லை அவற்றிலிருந்து எடுத்து அப்படியே வாக்கியத்தில் வைக்க வேண்டாம்.

அறிகுறி: ஈற்றில் மட்டும் வேறுபடும் சொற்கள்

'எகனாமிக்' பொருளாதாரம் சார்ந்தது, 'எகனாமிக்கல்' சிக்கனமானது. 'ஹிஸ்டாரிக்' வரலாற்றில் நிலைக்கும் சிறப்புடையது, 'ஹிஸ்டாரிக்கல்' வரலாறு தொடர்பானது. 'சென்சிபிள்' விவேகமுள்ளவர், 'சென்சிட்டிவ்' எளிதில் உணர்ச்சிக்கு ஆளாகுபவர். 'டிஸ்இன்ட்ரெஸ்டெட்' தன்னலத் தொடர்பு இல்லாதவர், 'அன்இன்ட்ரெஸ்டெட்' அக்கறை இல்லாதவர். நீதிபதி முன்னவராக இருக்க வேண்டும். இவற்றுக்குச் சோதனை எதுவும் இல்லை. நினைவில் வைப்பது ஒன்றே வழி.

அறிகுறி: இரு நாட்டு வாசகர்கள் ஒரே வாக்கியத்தை எதிரெதிராகப் புரிந்துகொள்கிறார்கள்

'டேபிள்' என்ற வினை பிரிட்டனில் ஒரு தீர்மானத்தை விவாதத்துக்கு முன்வைப்பதையும், அமெரிக்காவில் அதை ஒத்திவைப்பதையும் குறிக்கும். இரண்டாம் உலகப் போரின்போது இரு நாட்டு அதிகாரிகளும் இச்சொல்லால் நெடுநேரம் வாதிட்டதையும், இரு தரப்பினரும் விரும்பியது ஒன்றே என்று பின்னர் தெரிந்ததையும் சர்ச்சில் தம் போர் வரலாற்றில் எழுதியிருக்கிறார். இந்திய நாடாளுமன்றச் செய்திகள் பிரிட்டிஷ் வழக்கையே பின்பற்றுகின்றன. 'குவைட் குட்' என்பதும் அமெரிக்கரிடம் மனமார்ந்த பாராட்டு. ஆங்கிலேயரிடம் பெரும்பாலும் 'பரவாயில்லை' என்ற அளவே. இரு தரப்பாரும் படிக்கும் கடிதமானால் இவ்விரு சொற்களையும் தவிர்த்துவிடுங்கள்.

அறிகுறி: எவ்வளவு தேடியும் வேறுபாடு கிடைக்கவில்லை

சில இணைகளில் வேறுபாடு மிகச் சிறியது. அதைத் தேடி அலைவதே பிழையாகிவிடும். 'பிகின்', 'ஸ்டார்ட்' இரண்டும் பெரும்பாலான வாக்கியங்களில் இடம் மாறலாம். இயந்திரத்தை இயக்கும்போது மட்டும் 'ஸ்டார்ட்'. 'ஆல்மோஸ்ட்', 'நியர்லி' இரண்டும் அவ்வாறே. 'நெவர்', 'நோபடி' போன்ற எதிர்மறைச் சொற்களின் முன் மட்டும் 'ஆல்மோஸ்ட்'.

வேறுபாடு இல்லாத இடத்தில் வேறுபாட்டைக் கற்பித்துக்கொள்வது சில நேரம் உயிருக்கே ஆபத்தாக முடியும். 'ஃப்ளேமபிள்', 'இன்ஃப்ளேமபிள்' இரண்டுக்கும் எளிதில் தீப்பற்றக்கூடியது என்ற ஒரே பொருள்தான். 'இன்' என்ற முன்னொட்டு இங்கே எதிர்மறை அல்ல. பெட்ரோல் ஏற்றிச் செல்லும் டேங்கர் லாரியில் 'ஹைலி இன்ஃப்ளேமபிள்' என்று எழுதியிருந்தால் அது மிக எளிதில் தீப்பிடிக்கும் என்றே பொருள். தீப்பிடிக்காததைக் குறிக்கும் சொல் 'நான்ஃப்ளேமபிள்'. தொழிற்கூடத்துக்கோ கிடங்குக்கோ எச்சரிக்கைப் பலகை எழுதுபவர்கள் 'ஃப்ளேமபிள்' என்ற வடிவத்தையே தேர்ந்து, அதனடியில் 'எளிதில் தீப்பற்றும்' என்று தமிழிலும் எழுதிவிட வேண்டும்.